சக்கரமும் முறையும்

நாடுகளுக்கு வரலாறு உண்டு. அரசர்களுக்கு வரலாறு உண்டு. சொற்களுக்கும் வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு சொல் ஏதோ ஒரு பொருளைக் குறிக்கப் பிறக்கிறது. பின்னர் வேறு துறைகளுக்குச் செல்கிறது. சென்ற இடங்களில் எல்லாம் மக்களின் புதிய எண்ணங்களைச் சிறிது சிறிதாக ஏற்றுக்கொள்கிறது. இறுதியில், அது பிறந்தபோது எவரும் நினைத்திராத ஒரு பொருளைத் தாங்கி நிற்கிறது. அத்தகைய சொற்களுள் ஒன்று ஆங்கிலத்தில் வழங்கும் ‘ரொட்டேஷன்’ என்பது.

மாணவர்கள் இச்சொல்லைப் பல வகுப்புகளில் சந்தித்திருப்பார்கள். நிலவுலகம் தன் அச்சில் சுழல்வதை அறிவியல் ஆசிரியர் இச்சொல்லால் குறிக்கிறார். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் பயிரை மாற்றி விதைப்பதை வேளாண்மை நூல் இச்சொல்லால் வழங்குகிறது. தொழிற்சாலையில் இரவுப் பணியும் பகற் பணியும் ஆள் மாறி வருவதற்கும் இதுவே பெயர். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்திலும் இச்சொல் இடம்பெற்றிருக்கிறது. விண்ணுக்கும் வயலுக்கும் ஊராட்சி மன்றத்துக்கும் ஒரே சொல் எவ்வாறு பொருந்திற்று? அந்தப் பயணத்தைச் சிறிது தொடர்ந்து பார்ப்போம்.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் இருக்கிறது. அம்மொழியில் ‘ரோட்டா’ என்றால் சக்கரம். அதிலிருந்து சுழற்றுதல் என்னும் வினையும், வினையிலிருந்து சுழற்சி என்னும் பெயரும் தோன்றின. 16-ஆம் நூற்றாண்டில் அப்பெயரை ஆங்கிலம் தனதாக்கிக்கொண்டது. இந்த ‘ரோட்டா’வுக்கு உறவுச் சொற்கள் பல மொழிகளில் உள்ளன. ஜெர்மன் மொழியில் சக்கரத்துக்கு ‘ராட்’ என்று பெயர். பழைய ஐரிஷ் மொழியில் ‘ரோத்’. லிதுவேனிய மொழியில் ‘ராட்டாஸ்’. வடமொழியில் இதே குடும்பத்தைச் சேர்ந்த சொல் சக்கரத்தை விட்டு, சக்கரம் பூண்ட ஊர்தியைக் குறிக்கலாயிற்று. அதுவே ‘ரதம்’. வடமொழி வழியாக அச்சொல் தமிழுக்கும் வந்தது. திருவிழா நாளில் நாம் ரதம் என்று சொல்லும்போது, ரோமானிய உழவன் தன் வண்டிச் சக்கரத்துக்கு இட்ட பெயரின் உடன்பிறப்பையே சொல்லுகிறோம். ஓடுதல் என்னும் கருத்தே இச்சொற்களின் அடியில் உள்ளது என்பது மொழிநூலார் துணிபு.

சக்கரத்தைக் குறித்த சொல் முதலில் பெருமை பெற்றது வானநூலில்தான். நிலவுலகம் தன்னைத் தானே சுற்றுகிறது என்று நம் நாட்டு ஆரியபட்டர் கி.பி. 499-இல் இயற்றிய நூலிலேயே கூறினார். ஓடத்தில் முன்னோக்கிச் செல்பவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னோக்கி நகர்வதுபோல் தோன்றும். அதுபோலவே நிலைத்து நிற்கும் விண்மீன்கள் மேற்கு நோக்கிச் செல்வதாக நமக்குத் தோன்றுகின்றன என்று அவர் விளக்கினார். ஐரோப்பாவில் 1543-இல் கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்தது. ஆயினும் மக்கள் கண்ணால் காணத்தக்க சான்று 1851-இல்தான் கிடைத்தது. பாரிஸ் நகரின் பாந்தியன் மாளிகைக் குவிமாடத்திலிருந்து 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு ஊசலாட வைத்தார் ஃபூக்கோ என்னும் அறிஞர். ஊசலின் திசை நேரம் செல்லச் செல்ல மாறுவதுபோல் காணப்பட்டது. உண்மையில் ஊசலின் அடியே தரைதான் திரும்பிக்கொண்டிருந்தது.

ஒரு பொருள் தன் அச்சிலேயே சுழல்வதற்கு ‘ரொட்டேஷன்’ என்றும், மற்றொன்றைச் சுற்றி வருவதற்கு ‘ரெவல்யூஷன்’ என்றும் அறிவியலார் வேறுபாடு வகுத்தனர். இரண்டாவது சொல் வானத்தை விட்டு வீதிக்கு இறங்கி, 1688-இல் இங்கிலாந்திலும் 1789-இல் பிரான்சிலும் நிகழ்ந்த அரசியல் மாற்றங்களின் பெயராயிற்று. நாம் அதனைப் புரட்சி என்கிறோம். புரளுதல் என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. முதற்சொல்லும் அரசியலுக்கு வந்தது. ஆனால் அது ஆரவாரம் இன்றி வந்தமையால், அதன் வரலாற்றைப் பலர் அறியார்.

வயலுக்கு வந்த கதையை முதலில் பார்த்துவிடுவோம். ஒரே பயிரை ஒரே நிலத்தில் விடாமல் விதைத்தால் நிலம் இளைத்துப்போகும் என்பதை உழவர்கள் மிகப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தனர். பயறு விளைந்த நிலத்தில் அடுத்துத் தானியம் விதைக்குமாறு உரோமக் கவிஞர் வர்ஜில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அறிவுரை கூறினார். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் கோதுமை, டர்னிப் கிழங்கு, வாற்கோதுமை, கிளோவர் என்னும் தீவனப் பயிர் ஆகிய நான்கையும் நான்கு ஆண்டுகளில் மாற்றி மாற்றி விதைக்கும் முறை பரவியது. 1730-இல் அமைச்சர் பதவியை விட்டுத் தம் ஊர் திரும்பிய டவுன்ஷெண்ட் பிரபு அம்முறையைப் பரப்பியவர்களுள் ஒருவர். பயறு இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி நிலத்துக்கு உரமாக்குகின்றன என்ற காரணத்தை 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர் மெய்ப்பித்தனர். காவிரிப் படுகையில் நெல் அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் விளைவிக்கும் நம் உழவரின் வழக்கத்திலும் இந்த நன்மை அடங்கியுள்ளது.

இங்கே சொல்லின் பொருளில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். வானத்தில் சுழல்வது ஒரு பொருள். வயலிலோ எதுவும் சுழலவில்லை. நிலம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பயிர்கள் வருகின்றன. வந்த பயிர் தன் காலம் முடிந்ததும் அடுத்ததற்கு இடம் விடுகிறது. சுழற்சி என்பது இயக்கத்தின் பெயராக இருந்த நிலை மாறி, ஒழுங்குபட இடம் விட்டுக்கொடுத்தலின் பெயராயிற்று. இந்தப் பொருளோடு இச்சொல் ஆட்சித்துறையில் புகுந்தது வயலுக்கு வருவதற்கும் முன்பே ஆகும். அதன் சிறப்பை அறியச் சக்கரத்தின் மற்றொரு வடிவத்தை நினைவு கொள்ள வேண்டும்.

இடைக்கால ஐரோப்பாவில் சக்கரம் என்றதும் மக்கள் நினைவுக்கு வந்தது ஊழின் சக்கரம். இத்தாலியில் அமைச்சராக இருந்து, மன்னனின் ஐயத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்ட போத்தியஸ் என்னும் அறிஞர், கி.பி. 524 அளவில், கொலைத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த காலத்தில் ஒரு நூல் எழுதினார். ஊழ்த் தெய்வம் தன் சக்கரத்தைச் சுழற்றி, தாழ்ந்தவனை உயர்த்துகிறது, உயர்ந்தவனைத் தாழ்த்துகிறது என்ற உருவகம் அந்நூலால் ஐரோப்பா எங்கும் பரவியது. ஏறுகின்றவன், முடிசூடி உச்சியில் இருப்பவன், சரிகின்றவன், அடியில் கிடப்பவன் என நால்வரைச் சக்கரத்தில் வைத்து ஓவியர்கள் தீட்டினர். இச்சக்கரம் மனிதனுக்குக் கற்பித்த பாடம் பொறுமை ஒன்றே. யார் எப்போது ஏறுவார், எப்போது இறங்குவார் என்பதற்கு அங்கே விதி இல்லை.

நம் நாட்டிலும் சக்கரம் ஆட்சிக்கு அடையாளமாக விளங்கியது. தன் சக்கரத்தைத் தடையின்றி உருட்டிச் செல்பவன் சக்கரவர்த்தி எனப்பட்டான். அங்கே சக்கரம் உருள்கிறது, உருட்டுகின்றவன் மாறுவதில்லை. இவ்விரு சக்கரங்களிலும் குடிமகனுக்கு இடமில்லை அன்றோ?

ஆட்சிப் பொறுப்பை மாறி மாறி ஏற்கும் வழக்கத்தைத் தெளிந்த சட்டமாக்கிய பழைய நகரங்களுள் ஏதென்ஸ் தலையாயது. கி.மு. 508 அளவில் கிளைஸ்தனிஸ் வகுத்த அமைப்பின்படி, பத்துக் குலப் பிரிவுகளிலிருந்து பிரிவுக்கு ஐம்பதின்மராக ஐந்நூற்றுவர் அவையில் அமர்ந்தனர். ஆண்டைப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் ஒரு பிரிவினர் அன்றாட நிருவாகத்தைக் கவனித்தனர். தலைவர் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பதவி ஓர் இரவும் ஒரு பகலுமே. ஒருவர் தம் வாழ்நாளில் இரு முறைக்கு மேல் அவையில் அமர முடியாது. ஆளவும் ஆளப்படவும் மாறி மாறி அறிந்திருப்பவனே குடிமகன் என்று அரிஸ்டாட்டில் விளக்கினார். ஆனால் பெண்களும் அடிமைகளும் அயலூராரும் இவ்வுரிமைக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டிருந்தனர்.

ஏதென்ஸில் செயல் இருந்தது. நாம் ஆராயும் சொல் இல்லை. சொல்லை அச்செயலோடு பிணைத்தவர் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஹாரிங்டன். அவர் 1611-இல் பிறந்தவர். மன்னர் முதலாம் சார்லஸ் சிறைப்பட்டிருந்த நாட்களில் அவருடன் இருக்க நியமிக்கப்பட்டவர்களுள் ஒருவர். குடியாட்சியில் பற்றுடையவராயினும் மன்னரிடம் அன்பு கொண்டிருந்தார். 1649-இல் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அதன்பின் இங்கிலாந்தில் ஆட்சி ஒரு படைத்தலைவரின் கைக்குச் சென்றது. ஒருவரை வீழ்த்தினால் மற்றொருவர் அதே இடத்தில் நிலையாக அமர்ந்துகொள்கிறார் என்ற உண்மை ஹாரிங்டனை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது.

அச்சிந்தனையின் பயனே 1656-இல் வெளிவந்த ‘ஓசியானா’ என்னும் நூல். கற்பனை நாடு ஒன்றன் அரசியலமைப்பாக அது எழுதப்பட்டது. அந்நாட்டின் அவைகளில் உறுப்பினரின் காலம் மூன்று ஆண்டு. ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறுவர். அதே அளவினர் புதிதாக வருவர். வெளியேறியவர் குறிப்பிட்ட காலம் ஒதுங்கி இருந்த பின்னரே மீண்டும் வரலாம். இதற்கு அவர் இட்ட பெயர் ‘ரொட்டேஷன்’. 1628-இல் ஹார்வி என்னும் மருத்துவர் குருதியோட்டத்தைப் பற்றிய தம் கண்டுபிடிப்பை வெளியிட்டிருந்தார். ஹாரிங்டன் அதனை உவமையாக எடுத்துக்கொண்டு, மக்களிடமிருந்து அவைக்கும் அவையிலிருந்து மக்களுக்கும் குருதிபோல் ஆட்சியாளர் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும் என்று கருதினார். ஊழின் கையிலிருந்த சக்கரத்தைப் பறித்துச் சட்டத்தின் கையில் கொடுத்தவர் அவர் எனலாம்.

1659-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு காப்பிக் கடையில் ஹாரிங்டனும் நண்பர்களும் நாள்தோறும் மாலையில் கூடி இக்கருத்துகளை வாதிட்டு, பெட்டியில் வாக்கிட்டு முடிவு செய்தனர். அக்கூட்டத்தின் பெயரே ‘ரோட்டா’ கழகம். வாதிடுவோர் நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர, கடைக்காரர் காப்பி கொண்டுவருவதற்கு மேசையின் நடுவில் வழி விடப்பட்டிருந்ததாம். 1660-இல் மன்னராட்சி திரும்பியது. மறு ஆண்டு ஹாரிங்டன் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே உடலும் உள்ளமும் நலிந்தார். 1677-இல் மறைந்தார். கழகம் சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் அவருடைய சொல் கடல் கடந்தது.

விடுதலை பெற்ற அமெரிக்கக் குடியேற்றங்கள் 1781-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த முதற் கூட்டமைப்புச் சட்டத்தில், ஆறு ஆண்டுக் காலத்துள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் பேராளராக இருத்தல் கூடாது என்ற விதி இடம்பெற்றது. 1787-இல் எழுதப்பட்ட புதிய அரசியலமைப்பில் அவ்விதி இல்லாமை கண்டு ஜெஃபர்சன் வருந்தினார். குறிப்பாகக் குடியரசுத் தலைவர் பதவிக்கு அது வேண்டுமென வற்புறுத்தினார். சட்டம் இல்லாவிடினும் வாஷிங்டன் இரு முறை பதவி வகித்து, 1797-இல் தாமே விலகிப் பண்ணைக்குத் திரும்பினார். பின்வந்தோர் அதனை மரபாகப் போற்றினர். 1940-இல் ரூஸ்வெல்ட் மூன்றாம் முறையும், 1944-இல் நான்காம் முறையும் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னரே, 1951-இல் இரு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்ற திருத்தம் சட்டமாயிற்று.

நல்ல சொல்லும் தீய செயலுக்குத் திரையாகலாம் என்பதையும் அதே நாடு காட்டியது. 1829-இல் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சன், அரசு அலுவல்கள் எளியவை, அறிவுள்ள எவரும் செய்யத் தக்கவை, எந்தப் பதவியும் எவருக்கும் பிறப்புரிமை அன்று என்று கூறி, பதவிச் சுழற்சியைத் தம் கொள்கையாக அறிவித்தார். கொள்கை உயர்ந்ததே. ஆனால் நடைமுறையில், வென்ற கட்சியினர் அஞ்சலகம் முதல் சுங்கச் சாவடி வரை தம் ஆதரவாளர்களுக்குப் பதவிகளைப் பங்கிட்டுக்கொடுப்பதற்கு அச்சொல் போர்வையாயிற்று. அரை நூற்றாண்டு இவ்வாறு சென்றது. 1881-இல் பதவி கிடைக்காத ஒருவன் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டான். சில வாரங்களில் அவர் இறந்தார். 1883-இல் பெண்டில்டன் சட்டம் வந்து, தேர்வின் வழியாகத் தகுதி கண்டு அரசு ஊழியரை நியமிக்கும் முறையைத் தொடங்கிவைத்தது. இதிலிருந்து நாம் அறிவது யாது? ஆளை மாற்றுதல் மட்டும் சுழற்சி ஆகாது. யார் இறங்க வேண்டும், யார் ஏற வேண்டும் என்பதை முன்னரே அறிவிக்கப்பட்ட விதி முடிவு செய்ய வேண்டும். வென்றவரின் விருப்பம் முடிவு செய்தல் ஆகாது.

இந்த இடத்தில் நம் மொழியிலுள்ள ஒரு சொல்லை நினைவுகூரலாம். ‘உன் முறை வந்தது’ என்று விளையாட்டில் சிறுவர்கள் சொல்லுகிறார்கள். ஏரி நீரையும் கால்வாய் நீரையும் இன்னின்ன நாளில் இன்னின்ன மடைக்கு என்று பகிர்ந்து பாய்ச்சுவதை உழவர்கள் ‘முறை வைத்தல்’ என்கிறார்கள். அரசன் நீதி வழங்குவதைப் பழந்தமிழ் ‘முறை செய்தல்’ என்றது. ஒழுங்கு, தடவை, நீதி ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். நீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்காரனுக்கு நீதி என்பது அவனுடைய முறை தவறாமல் வருவதுதான்.

இக்கருத்து நம் நாட்டில் சொல்லளவில் நின்றுவிடவில்லை. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றில் அமர்ந்தோர் பதவி 360 நாள். முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் இடலாகாது. இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் வரவே இயலாது. ஓசியானாவுக்கு 700 ஆண்டுகளுக்கு முற்பட்ட விதிகள் இவை. ஆயினும் அது பிராமணர் ஊர்ச் சபை. இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவரே அக்குடத்தினுள் இடம்பெற்றனர். முறை இருந்தது, ஆனால் அது எல்லாருடைய முறையாக இல்லை.

அக்குறையைப் போக்க முயன்றதே குடியரசு இந்தியாவின் சட்டம். மாநிலங்களவை உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டாண்டுக்கு ஒரு முறை ஓய்வு பெறுகின்றனர். ஹாரிங்டனின் கணக்கை அது நினைவூட்டுகிறது. 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது திருத்தம் அதனினும் பெரிய செயல் ஒன்றைச் செய்தது. ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கும் இடங்களை ஒதுக்கியது. அவ்விடங்களை வெவ்வேறு தொகுதிகளுக்குச் சுழற்சி முறையில் அளிக்கவும் வழி செய்தது. தமிழ்நாடு 2016-இல் பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது.

சட்டத்தில் ஒரு சொல் ஏறுவது எளிது. ஊருக்குள் அது நுழைவது எளிதன்று. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் 1996 முதல் பத்தாண்டுக் காலம் அங்கே உரிய தலைவர் நிலையாக அமர முடியவில்லை. 2006 அக்டோபரில்தான் முறையாகத் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பொறுப்பேற்றனர். நூற்றாண்டுகளாகச் சக்கரத்தின் அடியிலேயே நிறுத்தப்பட்டவர்கள் மேலே வரும் முறை வந்தபோது, சக்கரத்தையே நிறுத்திவிட முயன்றவர்கள் இருந்தார்கள் என்பது இவ்வரலாறு.

சுழற்சிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் புறக்கணித்தல் கூடாது. ஒதுக்கீட்டில் வென்ற பெண் ஒருவர் அரும்பாடுபட்டுப் பணியைக் கற்று முடிக்கும் வேளையில் ஒதுக்கீடு வேறு தொகுதிக்குச் சென்றுவிடுகிறது. கற்ற அனுபவம் வீணாகிறதே என்பர். கருதத்தக்க வாதமே. ஆனால் அனுபவம் ஒருவரிடமே தேங்குவதும் பலரிடம் பரவுவதும் ஒன்றல்ல. பதவியிலிருந்து இறங்கியவர் ஊரிலேதான் வாழ்கிறார். கணக்கு எப்படி எழுதப்படுகிறது, நிதி எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்த குடிமகளாக வாழ்கிறார். அடுத்து வருபவரைக் கேள்வி கேட்கும் தகுதி அவருக்கு இருக்கிறது. பயறு அறுவடையான பின்னும் அது தந்த உரம் நிலத்திலேயே தங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

வண்டிச் சக்கரத்தில் பிறந்த சொல் வானத்தை அளந்தது, வயலை வளப்படுத்தியது, ஊழின் கையில் இருந்த விளையாட்டுக் கருவியைச் சட்டத்தின் கருவியாக்கியது. இன்று அதனைத் தமிழில் ‘சுழற்சி முறை’ என்று இரு சொற்களால் வழங்குகிறோம். இரண்டும் தேவையானவை. முறையற்ற சுழற்சி சூறையாட்டில் முடியும். சுழற்சியற்ற முறை சிலருடைய உரிமையாகவே உறைந்துபோகும். வகுப்பில் தலைமை மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போதும், விடுதியில் பொறுப்புகளைப் பங்கிடும்போதும், நாளை ஊர் மன்றத்தில் அமரும்போதும் மாணவர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று உண்டு: இங்கே யாருடைய முறை இன்னும் வரவில்லை?